மரங்களின் தலைக்கு மேலே

கடந்த பிப்ரவரி நடுவில், மாசி பிறந்து மூன்று நாள் கழிந்திருந்தபோது, நானும் 16 வயதான என் மகளும் பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைகளுக்குச் சென்று, பியர்ஸ் மலையின் உச்சி வரை, பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ கட்டி நடந்து திரும்பினோம். போக வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடை. ஏறும் உயரம் ஏறத்தாழ 730 மீட்டர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,314 மீட்டர். ஊட்டி நகரமே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அறிந்த நமக்கு இந்த எண் சிறியதாகவே தோன்றும். ஆனால் வெள்ளை மலைகளில் 1,300, 1,400 மீட்டரிலேயே மரங்கள் வளர முடியாமல் குறுகிப் படுத்துவிடுகின்றன. வட அமெரிக்காவின் பல புயல் பாதைகள் வந்து கூடும் இடம் இது என்பதால், காற்றும் குளிரும் சேர்ந்து, வேறு இடங்களில் இதைப்போல் இரு மடங்கு உயரத்தில் காணக்கூடிய நிலத்தை இங்கே தாழ்வாகவே உண்டாக்கி வைத்திருக்கின்றன.

இது எங்கள் இரண்டாவது முயற்சி. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் நானும் மகளும் மட்டும் சென்றோம். உச்சிக்கு இன்னும் அரை மணி நேர நடையே இருந்த இடத்தில் மேகம் இறங்கி, வானும் தரையும் ஒரே வெண்மையாகி, பத்தடிக்கு அப்பால் பாதை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனதால் திரும்பிவிட்டோம். மகளுக்கு அன்று பெரிய ஏமாற்றம். வீடு திரும்பிய மறுநாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஆசிரியையிடம் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். வெள்ளை மலைகளில் 4,000 அடிக்கு மேற்பட்ட 48 சிகரங்களையும் குளிர்காலத்திலேயே ஏறி முடித்தவர் அவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. குளிர்காலம் என்று இவர்கள் சொல்வதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. டிசம்பரில் சூரியன் தென்கோடியைத் தொடும் கணம் முதல் மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் கணம் வரை நடந்தவை மட்டுமே கணக்கில் சேரும். நவம்பரில் இடுப்பளவு பனியில் ஏறியிருந்தாலும் அது குளிர்கால ஏற்றம் ஆகாது.

“பியர்ஸ் மலையைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும். கோடையில் பார்த்தால் பாதி மலையைத்தான் பார்த்திருப்பீர்கள்” என்று அவர் மகளிடம் சொன்னாராம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, மேலே போனால் தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அடுத்த குளிர்காலத்தில் தானே உடன் வருவதாகவும் சொன்னார், சொன்னபடி வந்தார்.

பாஸ்டனை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பிரெட்டன் வுட்ஸை அடைந்தபோது பொழுது புலர்ந்திருந்தது. இடப்பக்கமாக, பனி மூடிய பெரிய வெளிக்கு அப்பால், வெள்ளைச் சுவர்களும் சிவப்புக் கூரையுமாக மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டல் தெரிந்தது. 1902-இல் திறக்கப்பட்ட அந்த விடுதியில்தான் 1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளம் இட்டார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த இந்தியக் குழுவில், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். அவர் கண்ட மலைகள் ஜூலை மாதத்துப் பச்சை மலைகள். அந்த வராந்தாவிலிருந்து அவர் வாஷிங்டன் சிகரத்தை நிமிர்ந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது, அந்தச் சாலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வழக்கமாகிவிட்டது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் கிராஃபோர்ட் கணவாய். வண்டியை நிறுத்தி இறங்கியபோது வெப்பநிலை சுழிக்குக் கீழே 17 டிகிரி. அந்தக் குளிரில் மூக்கின் உள்ளே இருக்கும் ஈரம் முதல் மூச்சிலேயே உறைவதை உணரலாம். தடித்த மேலாடையைக் கழற்றி முதுகுப்பையில் வைக்கும்படி ஆசிரியை சொன்னார். நிற்கும்போது நடுங்கும் அளவுக்கே உடுத்திக்கொண்டு நடக்கத் தொடங்க வேண்டும். இதமாக உடுத்திக்கொண்டு தொடங்கினால் கால் மணி நேரத்தில் வியர்த்துவிடும். அந்த வியர்வை மேலே காற்று அடிக்கும் இடத்தில் உடம்போடு உறையும். குளிர்கால மலையில் பனியைவிட வியர்வைக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்று அவர் சொன்னதை அன்று பல முறை நினைத்துக்கொண்டேன். பருத்தித் துணி ஒரு நூல்கூட உடம்பில் இருக்கக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெம்மை தரும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்துக் கட்டுவதையும் அவரிடமே கற்றோம். நீர் மேற்புறத்திலிருந்துதான் உறையத் தொடங்குகிறது. புட்டி கவிழ்ந்திருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கமாகப் படிய, மூடி திறக்க வரும்.

ஸ்னோஷூவைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் நீள்வட்டத் தட்டு அது; அலுமினியச் சட்டத்தின் நடுவே கெட்டியான துணியோ பிளாஸ்டிக்கோ இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பூட்ஸின் அடிப்பரப்பைவிட அதன் பரப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருப்பதால், அதே உடல் எடை அகன்ற இடத்தில் பரவி, தளர்ந்த பனியில் கால் புதையாமல் நிற்கும். முன்பாதத்துக்கு அடியில் இரும்புப் பற்கள் இருக்கும். சரிவில் அவைதான் பிடிமானம். பாதத்தின் முன்பகுதி மட்டும் கீலில் கட்டப்பட்டுக் குதிகால் தளர்வாக விடப்பட்டிருப்பதால் இயல்பாக நடக்க முடிகிறது. செங்குத்தான ஏற்றத்தில் குதிகாலுக்கு அடியில் ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்தால், படியில் ஏறுவதுபோல் பாதம் சமமாக நிற்கும். கெண்டைக்கால் வலி பாதியாகக் குறையும். உலோகமும் பிளாஸ்டிக்கும் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த நிலத்தின் பூர்வகுடிகளான அபனாகி மக்கள் ஆஷ் என்ற மரத்தின் சட்டங்களை வளைத்து, பதப்படுத்தாத தோல் வார்களால் பின்னி இதையே செய்துவந்தார்கள். அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றம் இன்றுவரை இல்லை.

பனி இறுகிக் கிடக்கும் பாதையில் ஸ்னோஷூ இல்லாமலும் நடந்துவிடலாம் என்று சிலர் வெறும் பூட்ஸோடு வருகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. காலையில் கெட்டியாக இருக்கும் பாதை, நண்பகல் வெயிலில் இளகும்போது, அவர்களின் கால் தொடை வரை புதைகிறது. இரவில் அந்தக் குழிகள் அப்படியே உறைந்து, மறுநாள் வருபவரின் கணுக்காலை முறிக்கக்கூடிய பொறிகளாகிவிடுகின்றன. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் உயர் சிகரப் பகுதியில் 8 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ பனிச்சறுக்கு மட்டையோ கட்டாயம் என்று விதியே இருக்கிறது. வெள்ளை மலைகளில் அப்படி விதி இல்லை. பின்னால் வருபவரை நினைத்து நடப்பவர்களை நம்பியே பாதை இருக்கிறது.

நாங்கள் ஏறிய வழியின் பெயர் கிராஃபோர்ட் பாதை. ஏபல் கிராஃபோர்ட் என்பவரும் அவர் மகன் ஈதன் ஆலன் கிராஃபோர்டும் 1819-இல் வெட்டிய பாதை அது. இடைவிடாமல் பேணப்பட்டுவரும் மலைப்பாதைகளில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். கணவாயில் விடுதி நடத்திய அந்தக் குடும்பம், விருந்தினரை வாஷிங்டன் சிகரத்துக்கு அழைத்துச் செல்வதற்காகக் காட்டை வெட்டி அதைத் திறந்தது. 1840-இல் அதைக் குதிரை செல்லும் வழியாக அகலப்படுத்தியபோது, எழுபது வயதைக் கடந்திருந்த ஏபல் கிராஃபோர்டே சிகரம் வரை முதலில் குதிரையில் சென்றார். முழுப் பாதையும் 13 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வாஷிங்டன் சிகரத்தில் முடிகிறது. நாங்கள் நடந்தது அதன் தொடக்கப் பகுதியை மட்டுமே.

முதல் ஒரு மணி நேரம் கிப்ஸ் ஓடையை ஒட்டியே பாதை ஏறுகிறது. ஓடை முழுவதும் பனிக்கு அடியில் இருந்தது. ஆங்காங்கே வட்டமாகத் திறந்திருந்த துளைகளில் மட்டும் கரிய நீர் ஓடுவது தெரிந்தது; அந்த இடங்களில் மட்டும் ஓசை கேட்டு, இரண்டடி தாண்டியதும் அடங்கிப்போனது. கோடாலி படாத பழங்காட்டின் எச்சம் இந்த ஓடைக்கரையில் இருக்கிறது. செம்பட்டைச் செதில்களோடு நிமிர்ந்து நிற்கும் சிவப்பு ஸ்புரூஸ் மரங்களும், வெண்கல நிறப் பட்டை சுருள் சுருளாக உரிந்து தொங்கும் மஞ்சள் பிர்ச் மரங்களும் அங்கே கலந்து நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலைகளின் பெரும்பகுதி மொட்டையடிக்கப்பட்டு, வெட்டிப் போட்ட கழிவுகளில் தீப்பற்றி எரிந்தது. அந்தச் சீரழிவைக் கண்டு எழுந்த குரல்களால்தான் காட்டு நிலங்களை அரசு விலைக்கு வாங்க வழிசெய்த வீக்ஸ் சட்டம் 1911-இல் வந்தது. அதன் வழியே 1918-இல் வெள்ளை மலைத் தேசிய வனம் உருவாயிற்று. நாம் இன்று நடக்கும் நிழலில் பெரும்பகுதி அந்தச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நிழல் என்பதால், அதற்கு முந்தைய மரங்கள் நிற்கும் இந்தச் சிறு பகுதியில் நான் எப்போதும் மெதுவாகவே நடப்பேன்.

மிஸ்பா நீரூற்றுக்குப் பிரியும் கிளைப்பாதையை அடைவதற்குச் சற்று முன், மகளின் இடது ஸ்னோஷூவில் குதிகால் வார் அறுந்தது. வாடகைக்கு எடுத்தது அது; குளிரில் இறுகியிருந்த ரப்பர், இழுத்தபோது துண்டாகிவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு நான் அதைக் கட்ட முயன்றதில், ஒரு நிமிடத்துக்குள் விரல் நுனிகள் மரத்து, முடிச்சைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்று. ஆசிரியை தன் ஊன்றுகோலில் சுற்றி வைத்திருந்த நீண்ட மீள்வார் ஒன்றை அவிழ்த்து, மெல்லிய உள்கையுறையோடே இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். வேலை முடிய இருபது வினாடிதான் ஆனது. எதைக் கொண்டு வருவது என்பதோடு அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் குளிர்காலம் பார்க்கிறது. என் பையிலும் கயிறு இருந்தது; ஆனால் அது அடியில், சுக்குமல்லிக் காப்பிக் குடுவைக்கும் மாற்றுச் சட்டைக்கும் கீழே இருந்தது.

அந்தக் கிளைப்பாதையைத் தாண்டியதும் காட்டின் முகம் மாறியது. பிர்ச் மரங்கள் மறைந்தன. ஃபர் மரங்களும் ஸ்புரூஸ் மரங்களும் மட்டும் நின்றன. அவையும் ஏற ஏறக் குட்டையாயின. உண்மையில் அவை குட்டையானதில் மரத்தின் பங்கு பாதிதான்; மீதி, பனி எங்களை உயர்த்தியதால் வந்தது. கீழே முழங்கால் அளவில் இருந்த பனி இங்கே என் ஊன்றுகோல் முழுதும் இறங்கியும் தரையைத் தொடவில்லை. பாதையைக் காட்டுவதற்காக மரங்களில் கண் உயரத்தில் தீட்டப்பட்டிருக்கும் வண்ணப் பட்டைகள் எங்கள் முழங்காலுக்கு அருகில் இருந்தன. கோடையில் தலைக்கு மேலே வளைந்திருக்கும் கிளைகளுக்கு இடையே குனிந்தும் தவழாத குறையாகவும் போக வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மகள் பாதையின் நடுவிலிருந்து ஓரடி விலகியதும் இடுப்பு வரை உள்ளே போனாள். மரத்தைச் சுற்றி, கிளைகள் பனியைத் தடுத்துவிடுவதால், மேலே மூடியும் உள்ளே வெறுமையுமாக ஒரு குழி உண்டாகிவிடுகிறது. அதில் ஸ்னோஷூவோடு சிக்கினால், தட்டு கிளைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கால் எளிதில் வராது. இருவரும் மண்டியிட்டுக் கையால் பனியைத் தோண்டித்தான் அவளை எடுத்தோம். தனியாக வருபவர் இத்தகைய குழியில் விழுந்தால் என்ன செய்வார் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

இங்கேதான் பனி என்ற சொல்லைப் பற்றி யோசித்தேன். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே அதன் பெயரை வைத்தவர்கள் நம்மவர்கள். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஆனால் நாம் புல்நுனியில் கண்டதும், அதிகாலையில் தோளை நனைத்ததும், வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதும், மரத்தில் கல்லாக ஒட்டி நிற்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மரக்காட்டின் மேல் விளிம்பில் நாங்கள் கண்டது விழுந்த பனியே இல்லை. சுழிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீராகவே மிதக்கும் மேகத் துளிகள், எதையேனும் தொட்ட கணத்தில் அதன்மீது உறைந்து படிகின்றன. ரைம் என்று இங்கே அதைச் சொல்கிறார்கள். காற்று வரும் திசையை நோக்கியே அது வளரும் என்பதால், ஒவ்வொரு கிளையிலும் வெண்ணிற இறகுகள் வடமேற்கு நோக்கி முளைத்திருந்தன. காற்று ஓய்ந்த பிறகும் அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த மரங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

மரங்கள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காற்று படாத ஒரு மடிப்பில் நின்று, கழற்றிய ஆடைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அணிந்தோம். சூடான சுக்குமல்லிக் காப்பியை மூவரும் ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்போது சாம்பல் நிறத்தில், கரிய பிடரியோடு, மைனாவைவிடச் சற்றுப் பெரிய பறவை ஒன்று ஓசையே இல்லாமல் வந்து என் ஊன்றுகோலின் பிடியில் அமர்ந்தது. கனடா ஜே என்று அதற்குப் பெயர். இந்த மலைமுகடு அவற்றின் இருப்பிடம். மனிதரிடம் அச்சமே இல்லை. அது தன் பிசுபிசுப்பான எச்சிலால் உணவை உருண்டையாக்கி, மரப்பட்டை இடுக்குகளிலும் பாசிக்கு அடியிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டிவைத்து, அந்தச் சேமிப்பைக் கொண்டே பனிக்காலத்தைக் கடக்கிறது. பனி உருகும் முன்பே, கடுங்குளிரிலேயே கூடுகட்டிக் குஞ்சும் பொரிக்கிறது. குளிர்தான் அதன் களஞ்சியத்தைக் கெடாமல் காக்கிறது. கனடாவின் அல்காங்குவின் பூங்காவில் நடந்த ஆய்வுகள், இலையுதிர் காலம் வெம்மையாகும் ஆண்டுகளில் அந்தச் சேமிப்பு அழுகி, அடுத்த வசந்தத்தில் குஞ்சுகள் குறைவதைக் காட்டியிருக்கின்றன. மகள் பாதாம் பருப்பை எடுத்து உள்ளங்கையில் நீட்டப் போனாள். வேண்டாம் என்று சொன்னேன். பலர் கொடுக்கிறார்கள், அந்தப் பறவை கையில் வந்து அமரும் மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆயினும் தன் உழைப்பால் இந்தக் குளிரை வெல்லும் உயிரை நம் பையை நம்பி நிற்கும்படி பழக்குவது சரியன்று என்றே எண்ணுகிறேன். அது சிறிது நேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டுப் போயிற்று.

வெள்ளை மலைகளில் பல பாதைகளில், மரங்கள் முடியும் இடத்தில், வனத்துறை வைத்த மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. கோடையிலும்கூடக் குளிரால் பலர் இறந்த இடம் இது, வானிலை மோசமாக இருந்தால் இப்போதே திரும்பிவிடுங்கள் என்பது அவற்றின் சாரம். வெறும் அச்சுறுத்தல் இல்லை அது. 1900-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பி என்ற இருவர், அப்பலாச்சிய மலைக் கழகத்தின் கூட்டத்துக்காக இதே கிராஃபோர்ட் பாதை வழியே வாஷிங்டன் சிகரத்துக்கு நடந்தபோது, பனிக்கட்டிப் புயலில் அகப்பட்டு உயிரிழந்தார்கள். இருவரும் நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள். ஜூன் மாதத்தில் நடந்தது அது. அதற்குப் பிறகுதான் அந்த முகட்டில் வழிப்போக்கர் ஒதுங்க ஒரு சிறு புகலிடம் கட்டப்பட்டது.

நாங்கள் முந்தைய இரவும் அன்று காலையும் வாஷிங்டன் சிகர வானிலை ஆய்வகம் வெளியிடும் உயர் சிகரங்களுக்கான முன்னறிவிப்பைப் படித்திருந்தோம். 1932 முதல் அந்த உச்சியில் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கி வானிலையைக் குறித்துவருகிறார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அவர்கள் அளந்த மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று, 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் அடித்த புயல் முறியடிக்கும் வரை உலகிலேயே அதிகமாக இருந்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழே 44 டிகிரிக்கு இறங்கியது; காற்றோடு சேர்ந்த குளிர்ச்சி சுழிக்குக் கீழே 78. எங்கள் நாளுக்கு அவர்கள் சொன்னது தெளிந்த வானம், பிற்பகலில் வலுக்கும் காற்று. பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று வண்டியிலேயே பேசி முடிவு செய்திருந்தோம்.

கிராஃபோர்ட் பாதையும் வெப்ஸ்டர் கிளிஃப் பாதையும் சந்திக்கும் இடத்தில், ஒரு குறிப்பும் தராமல், காடு முடிந்தது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலாச்சியப் பாதை இங்கேதான் கிராஃபோர்ட் பாதையோடு சேர்கிறது. வழிகாட்டும் பலகையின் மேல் விளிம்பு மட்டும் பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது வடகிழக்கு: வழுக்கைத் தலைபோல் உருண்டு நிற்கும் ஐசன்ஹோவர் மலை, அதன் தோளுக்குப் பின்னே கூர்மையான மன்றோ, எல்லாவற்றுக்கும் மேலே 1,917 மீட்டர் உயர வாஷிங்டன். அதன் உச்சியிலிருந்து காற்று வாரிய பனி, கிழக்கு நோக்கி நீண்ட வெண்கொடியாகப் பறந்துகொண்டிருந்தது. அந்த மலைக்கு அகியோகோச்சுக் என்ற பெயரை அபனாகி மக்கள் இந்தக் குடியரசுத் தலைவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே சூட்டியிருந்தார்கள். நாங்கள் நின்ற மலைக்கும் ஒரு காலத்தில் வேறு பெயர்தான். நியூயார்க் ஆளுநர் டிவிட் கிளின்டனின் பெயரைத் தாங்கியிருந்த அதற்கு, நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த ஒரே குடியரசுத் தலைவரான ஃபிராங்கிளின் பியர்ஸின் பெயரை 1913-இல் மாநிலச் சட்டமன்றம் வைத்தது. பழையவர்கள் சிலர் இன்னும் கிளின்டன் மலை என்றே சொல்கிறார்கள்.

சந்திப்பிலிருந்து வலப்பக்கம் திரும்பிச் சில நிமிடங்கள் நடந்ததும் உச்சி வந்தது. அங்கே இருக்க வேண்டிய கற்குவியலின் முனை, பனியில் ஒரு கையளவு மட்டும் தெரிந்தது. ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, அதன் பக்கத்தில் நின்று மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரச் சொன்னார்.

வடக்கிலிருந்து தொடங்கினேன். கிழக்கே, எங்கள் காலடியிலிருந்து இறங்கிப் போன டிரை ரிவர் பள்ளத்தாக்கில் ஒரு சாலையோ கூரையோ இல்லை. அதற்கு அப்பால் மான்டல்பன் முகடும், அதற்கும் அப்பால் மெய்ன் மாநிலத்தின் தாழ்ந்த குன்றுகளும் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தன. தெற்கே ஜாக்சன் மலை. அதன் பின்னே அடுக்கடுக்காக, பெயர் சொல்லி முடியாத அளவுக்கு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த மலைகள். தென்மேற்கில் தனித்துப் பெருத்து நின்ற காரிகன் மலையை ஆசிரியை கைநீட்டிக் காட்டினார். மேற்கே கணவாய்க்கு எதிர்ப்புறம் வில்லி, ஃபீல்டு, டாம் என்ற மூன்று சிகரங்கள் வரிசையாக நின்றன. வடமேற்கில் பிரெட்டன் வுட்ஸ் பனிச்சறுக்குச் சரிவுகள், காட்டில் நகத்தால் கீறிய கோடுகள்போல் வெளுத்துக் கிடந்தன. வானில் ஒரு மேகமும் இல்லை. வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை, ஒளி மட்டும் பனியில் பட்டுக் கீழிருந்தும் எழுந்து, முகவாய்க்கு அடியிலும் கண்ணைக் கூசச் செய்தது. மகள் சுற்றி முடித்துவிட்டு, மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

“மரம் எங்கே என்று பார்” என்று ஆசிரியை அவளிடம் சொன்னார். எங்கள் பூட்ஸைச் சுற்றி, ரைம் பனியில் பொதிந்த சிறு கூம்புகள் ஏராளமாக இருந்தன. பனியில் முளைத்த செடிகள் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அவை ஃபர் மரங்களின் கொழுந்துகள். கோடையில் தெற்கையும் மேற்கையும் மறைத்து நிற்கும் அந்த மரங்களின் மேல்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நவம்பர் முதல் விழுந்த ஒவ்வொரு பனிப்பொழிவும், காற்று கொண்டுவந்து கொட்டிய பனியும் சேர்ந்து அந்தக் காட்டை மூடி, எங்களை அதன் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்தன. அகன்ற தட்டுகள் காலில் இல்லாவிட்டால் ஒருவராலும் அங்கே நின்று அதைப் பார்த்திருக்க முடியாது. இரண்டாம் அடியிலேயே கிளைகளுக்கு நடுவே புதைந்திருப்போம். முந்தைய ஆண்டு அவர் சொன்ன பாதி மலை எது என்பது அப்போது விளங்கிற்று.

உச்சியில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20; காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் இருக்கலாம் என்று ஆசிரியை கணித்தார். இரண்டும் சேர்ந்தால் தோலுக்குச் சுழிக்குக் கீழே 34 டிகிரியின் குளிர். கைப்பேசி இரண்டு படங்கள் எடுத்ததும் தானாக அணைந்தது. மகளின் கன்னத்தில் காசளவுக்கு ஒரு வெண்புள்ளி தோன்றியதை ஆசிரியைதான் முதலில் கண்டார். உடனே தன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன்மேல் வைத்து, நிறம் திரும்பும் வரை அப்படியே வைத்திருந்தார். தேய்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மணி அப்போது 12.20. ஐசன்ஹோவர் மலை கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. “அப்பா, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறதே” என்றாள் மகள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் போகலாம் என்றே தோன்றியது. ஆசிரியை மறுக்கவில்லை. வாஷிங்டன் சிகரத்தை மட்டும் காட்டினார். காலையில் அதன் உச்சியில் மட்டும் பறந்த வெண்கொடி, இப்போது மன்றோவின் மேலும் எழுந்திருந்தது. காற்று முகடு வழியே எங்களை நோக்கி இறங்கிவருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு இல்லை. மகள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தானே ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வந்த வழியில் திரும்பினாள். முந்தைய ஆண்டு நான் சொல்லித் திரும்பியவள் இந்த முறை தன் கண்ணால் கண்டு திரும்பினாள். சிகரத்தில் நின்றதைவிட அது எனக்கு நிறைவாக இருந்தது.

இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குதிகாலை ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி இறங்கினால் ஸ்னோஷூ தானாகவே சிறிது சறுக்கி ஒவ்வோர் அடியையும் நீளமாக்கித் தருகிறது. ஏற மூன்றரை மணி நேரம் ஆன வழியை இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம். வண்டியை அடைந்தபோது கணவாயின் மேற்குச் சுவர் நிழலில் ஆழ்ந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மூவரும் மறுபடியும் போனோம். கிராஃபோர்ட் பாதை முழுவதும் வேரும் ஈரப் பாறையுமாக இருந்தது. பனி அவற்றையெல்லாம் எப்படி மூடிச் சமன் செய்திருந்தது என்பது ஒவ்வொரு காலடியிலும் தெரிந்தது. உச்சியில் கற்குவியல் முழுதாக நின்றது. வடகிழக்கில் வாஷிங்டன் தெரிந்தது. தெற்கே திரும்பினால் காரிகன் இல்லை, ஜாக்சன் இல்லை, அடர்ந்த ஃபர் மரங்கள் மட்டுமே இருந்தன. மகள் அவற்றில் ஒன்றின் அருகே சென்று, ஊன்றுகோலை முழு நீளத்துக்கு நீட்டித் தலைக்கு மேலே உயர்த்தி, அதன் கொழுந்துக்குச் சற்றுக் கீழே ஒரு கிளையைத் தொட்டுக் காட்டினாள். “இங்கேதான் நம் கால் இருந்தது” என்றாள்.